குதிரையின் குளம்பு வெடித்தால், உடைந்தால், அழுகினால்: யாழ்ப்பாணத்து வளவில் வைத்துப் பார்க்கும் முறை

குளம்பில் விழுந்த வெடிப்பு ஒருபோதும் ஒட்டாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும். எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் மூடும். குளம்பு நம்முடைய நகத்தைப் போன்றது. வெடித்த பகுதி வெடித்தபடிதான் இருக்கும். மேலே, மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பிலிருந்து புதுக் குளம்பு நல்லபடியாக இறங்கி வந்து, பழையது கீழே தேய்ந்து போகவேண்டும். மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர்தான் வளரும். நுனிப்பக்கத்தில் குளம்பின் நீளம் 8 சென்ரிமீற்றர் என்றால், முழுக் குளம்பும் புதிதாக மாற ஏறக்குறைய ஒரு வருடம். ஆகவே மருந்து பூசி ஒரு கிழமையில் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நாம் செய்யக்கூடியது, இறங்கி வருகிற புதுக் குளம்பு கெடாமல் வழிவிடுவது.

எங்கள் வளவுக்கு ஒரு புரட்டாதி மாதம் மண்ணிறப் பெண் குதிரை ஒன்று வந்தது. வலது முன்னங்கால் குளம்பில், நிலத்திலிருந்து மேல்நோக்கி 4 சென்ரிமீற்றர் வெடிப்பு. கோடை முழுக்கக் காய்ந்த நிலத்தில் நின்ற குளம்பு, விளிம்பெல்லாம் பிசுங்கான் ஓடு மாதிரிச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. நல்லெண்ணெய் பூசினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு மாதத்தை வீணாக்கினேன். அதற்குள் வெடிப்பு இன்னும் 1 சென்ரிமீற்றர் ஏறிவிட்டது. இங்கே எழுதுவது அதற்குப் பிறகு படித்ததும், மிருக வைத்தியர் பக்கத்தில் நின்று காட்டித் தந்ததும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

குதிரையைத் தொடுவதற்கு முன் அது நிற்கிற இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் குளம்புக்கு இரண்டு பருவச் சோதனை. சோளகம் அடிக்கிற மாதங்களில் நிலம் காய்ந்து இறுகி, குளம்பும் காய்ந்து நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மாரி பெய்து வளவு முழுக்கச் சகதியானதும் அதே குளம்பு தண்ணீர் குடித்து மெதுமெதுவென்று ஆகும். காய்வதும் ஊறுவதும் மாறி மாறி நடக்கும்போதுதான் குளம்புச் சுவர், அதாவது குளம்பைச் சுற்றி வெளியே தெரிகிற பகுதி, பிளக்கிறது. காலையும் மாலையும் கிணற்றடியில் கட்டிக் குளிப்பாட்டும் பழக்கமும் இதையேதான் செய்கிறது. உடம்பைக் கழுவுங்கள். காலைத் தேவையில்லாமல் நனைக்காதீர்கள்.

மாட்டுக் கொட்டிலிலேயே குதிரையைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சீமெந்துத் தரையில் மூத்திரம் தேங்கினால் அடிக்குளம்பு அழுகும். கொட்டிலின் ஒரு மூலையையாவது ஒரு சாண் உயர்த்தி, பருமணல் கொட்டி, தண்ணீர் வடிய வழி வையுங்கள். மேலே கிடுகோ தகரமோ, எதுவானாலும் ஒழுகக்கூடாது. மணல் பரப்பினால் புல்லையும் தீனியையும் நிலத்தில் போடவேண்டாம். தீனியோடு மணல் உள்ளே போய்க் குடலில் தங்கினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். தொட்டியில் வையுங்கள்.

இன்னொன்று ஆணி. இடிந்த வீடு இருந்த வளவு, பழைய முள்ளுக்கம்பி வேலி, கூரைத் தகரம் கழற்றிய இடம், இதெல்லாம் நம் ஊரில் எங்கும் உண்டு. பழுதான ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வளவு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தேன். முதல் நாள் ஒரு பேணி நிறைய ஆணி, கம்பித் துண்டு, இரண்டு போல்ட் வந்தன. மழை பெய்து மண் கரைந்த பிறகு மறுபடி இழுத்தால் மறுபடி வரும்.

காலைத் தூக்குதல்

குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், அதன் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். தோளில் கையை வைத்து, காலின் பின்பக்கமாக மெதுவாகக் கீழே தடவிக்கொண்டு போங்கள். கணுக்காலுக்கு மேலே பின்பக்கத் தசைநாணை இலேசாக அழுத்தினால் காலைத் தரும். தராவிட்டால் உங்கள் தோளால் அதன் தோளில் சாய்ந்து பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றுங்கள். தலைப்பக்கம் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்கட்டும், நீங்கள் வேலை செய்கிற அதே பக்கத்தில். குதிரை துள்ளினால் இருவரும் ஒரே பக்கம் நிற்பதுதான் பாதுகாப்பு. வலிக்கிற குதிரை காலை அதிக நேரம் தராது. அரை நிமிடம் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்குங்கள். அடித்துப் பழக்கினால் அடுத்த தடவை கிட்டவே விடாது.

குளம்புக் கொக்கி இல்லாவிட்டால் முனை மழுங்கிய திருகாணி முடுக்கி போதும். எப்போதும் குதியிலிருந்து நுனியை நோக்கிக் கிளறுங்கள். குளம்பின் அடியில் நடுவே ஆப்பு மாதிரி முக்கோணமாக, ரப்பரைப் போல மெத்தென்ற ஒரு பகுதி இருக்கும். ஆங்கிலத்தில் ஃபிரொக் என்பார்கள். நம் ஊரில் குதிரை வைத்திருக்கிறவர்களும் அப்படியே சொல்வதால் நானும் சொல்கிறேன். அதன் இரண்டு பக்கத்துப் பள்ளங்களும் நடுப்பள்ளமும்தான் அழுக்கு ஒளிந்திருக்கிற இடம். சுத்தம் செய்த பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள்.

இப்போது பாருங்கள், முகருங்கள், தொடுங்கள். குளம்புச் சுவரும் அடிப்பாதமும் சேருகிற இடத்தில் மங்கலான மஞ்சள் வெள்ளைக் கோடு ஓடும். அதில் கறுப்புப் புள்ளி, கீறல், இடைவெளி இருக்கிறதா? ஃபிரொக்கின் பள்ளத்தில் கறுப்பாக ஏதாவது கசிகிறதா? வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? போனில் நான்கு குளம்பையும் அடியிலிருந்தும் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. மாதா மாதம் அதே கோணத்தில் எடுத்த படங்கள்தான் பிறகு உண்மையைச் சொல்லும். கண் ஏமாற்றும்.

நாடி பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும்

மிருக வைத்தியரை எப்போது கூப்பிடுவது என்பதை இதுதான் சொல்லித்தரும். கணுக்காலின் பின்பக்கம், இரண்டு ஓரத்திலும், தோலுக்கு அடியில் மெல்லிய கயிறு மாதிரி ஒன்று உருளும். அதன்மேல் இரண்டு விரலை இலேசாக வையுங்கள். நலமான குதிரையில் நாடி கிடைப்பதே கஷ்டம். தேடித் தேடித்தான் பிடிக்கவேண்டும். குளம்புக்குள்ளே சூடோ சீழோ இருந்தால் விரலைத் தட்டித் தள்ளும். நலமாக இருக்கும்போதே தினமும் பார்த்துப் பழகினால்தான் கெட்டது தெரியும். உள்ளங்கையைக் குளம்பில் வைத்து நான்கையும் ஒப்பிட்டுச் சூடும் பாருங்கள். காலை, வெயில் ஏறும் முன் பார்க்கவேண்டும். மதிய வெயிலில் நான்கும் சுடும்.

சவாரி மாடு வளர்க்கிற ஐயா ஒருவர், கையை வைத்த உடனே எந்தக் கால் என்று சொல்லிவிடுவார். மாட்டுக் காலில் பழகிய கை. அந்தக் கையிடம் கற்றுக்கொள்ளலாம், வெட்டும் வேலையை மட்டும் கொடுக்கவேண்டாம். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஒற்றை லாடம். ஆணி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மட்டும் போகவேண்டும். ஒரு நூல் உள்ளே போனாலும் உயிருள்ள தசை. மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஒருவர் எங்கள் குதிரையின் அடிப்பாதத்தை வெள்ளையாகத் தெரியும்வரை சீவிவிட்டார். இரத்தம் கசிந்தது. அடிப்பாதத்தின் தடிப்புத்தான் உள்ளே இருக்கிற எலும்புக்குக் காவல். அதை அழகுக்காகச் சீவக்கூடாது. இரண்டு கிழமை குதிரை சல்லிக்கல் ஒழுங்கையில் கால் வைக்கவில்லை.

வெடிப்பை என்ன செய்வது

வெடிப்பிலிருந்து இரத்தமோ சீழோ வந்தால், குதிரை நடக்கும்போது வெடிப்பு திறந்து மூடினால், அல்லது மேலே மயிர் விளிம்பு வரை ஏறியிருந்தால் கைவைக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். குளம்பு முளைக்கிற இடமே அந்த விளிம்புதான். அங்கே காயம் பட்டால் வாழ்நாள் முழுக்க வடு விழுந்த குளம்புதான் இறங்கும்.

மற்ற வெடிப்புகளில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வது. நீண்டு விரிந்து போன குளம்புச் சுவர் ஒவ்வொரு அடியிலும் வெளிப்பக்கம் நெம்பப்படுகிறது. விறகில் ஆப்பு வைத்து அடிப்பது மாதிரித்தான். அந்த நெம்பலை நிறுத்தினால் வெடிப்பு ஏறுவதும் நின்றுவிடும். ஒரு பெரிய தட்டை அரம் எடுத்து, குளம்பின் கீழ் விளிம்பில் வெளிப்பக்க ஓரத்தை மட்டும் சாய்வாக ராவுங்கள், பலகையின் கூரிய விளிம்பைத் தச்சர் மழுக்குவது போல. வெடிப்பு நிலத்தைத் தொடுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் கூட ராவுங்கள். குதிரை சமதரையில் நிற்கும்போது அந்த இடத்துக்குக் கீழே தடித்த அட்டை ஒன்று நுழைகிற இடைவெளி வேண்டும். அவ்வளவுதான். குளம்புச் சுவரின் முன்முகத்தை மேலே வரை ராவி மினுக்கவேண்டாம். ஈரத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய மேற்பூச்சு அங்கே இருக்கிறது.

நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை இதைச் செய்யவேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிக்கட்டப் பார்த்தால் நொண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் குளம்பின் முன்முகமும் கணுக்காலுக்குக் கீழே சாய்ந்து வருகிற எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். நுனி நீண்டு கோடு முறிந்திருந்தால், பல தடவையாகத்தான் அதைப் பின்னுக்குக் கொண்டுவரவேண்டும்.

வெடிப்புக்குள் ஒட்டுப்பசை, சுவருக்குப் பூசுகிற பட்டி, தார் அடைப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அடைக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில்தான் குளம்பை அரிக்கிற கிருமிகள் பெருகும். கம்பிப் பிரஷ்ஷால் தூசை எடுத்து, தண்ணீர் கலந்த பொவிடோன் அயடினைத் தேநீர் நிறத்தில் ஊற்றி, காயவிடுங்கள். எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. வேப்பெண்ணெயை மயிர் விளிம்புக்கு மேலே தோலில் தடவினால் இலையான் அண்டாது, அதற்கு நல்லது. குளம்பு முழுக்கத் தினமும் எண்ணெய் பூசினால் மினுக்கம் வரும், வெடிப்பு மாறாது.

ஃபிரொக் அழுகினால்

மாரியில் எல்லோருக்கும் வருவது இது. மூக்குக்கு முதலில் தெரியும், செத்த எலி நாற்றம். பள்ளத்தில் கறுப்புக் களி மாதிரி இருக்கும், தொட்டால் குதிரை காலை இழுக்கும். தினமும் கிளறிச் சுத்தம் செய்து, அயடின் நனைத்த பஞ்சைப் பள்ளத்துக்குள் இலேசாக அடைத்து, காய்ந்த மணலில் விடுங்கள். தொங்குகிற செத்த துண்டுகளை மிருக வைத்தியர் வெட்டித் தரட்டும். மயில்துத்தம் பழைய மருந்துதான், ஆனால் பச்சைத் தசையில் பட்டால் எரித்துவிடும். அதனால் நான் தொடுவதில்லை. காயத்தில் புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். காய்ந்த இடமும் நடையும் கிடைத்தால் பத்து நாளில் நாற்றம் போய்விடும். கட்டியே வைத்த குதிரைக்கு மருந்து எதுவும் பிடிக்காது.

நேற்று ஓடியது, இன்று மூன்று காலில் நிற்கிறது

எலும்பு முறிந்துவிட்டதோ என்று வீடே பதறும். பெரும்பாலும் அது குளம்புக்குள் கட்டிய சீழ். சிறு கல்லோ அழுக்கோ வெள்ளைக் கோட்டு வழியாக உள்ளே போய்ச் சீழாகும். குளம்பு விரியாது என்பதால் உள்ளழுத்தம் தாங்கமுடியாத வலியாகிறது. அந்தக் காலில் மட்டும் சூடு, நாடி துள்ளும்.

மிருக வைத்தியர் வந்து சரியான இடத்தில் சின்னத் துளை போட்டால், சாம்பல் கறுப்புத் தண்ணீர் கசிந்து, அன்றே குதிரை காலை ஊன்றும். நாமாகக் கத்தியால் தோண்டக்கூடாது. அவர் வரும்வரை, கை தாங்குகிற சூட்டுத் தண்ணீரில் எப்சம் உப்புக் கரைத்து, வாளியில் 15 முதல் 20 நிமிடம் காலை வைக்கலாம். மூன்று நாளுக்கு மேல் ஊறவைத்தால் குளம்பு சதசதவென்று ஆகிவிடும்.

பிறகு கட்டு. மருந்துக்கடையில் தேடி அலையவேண்டாம். குழந்தைப் பிள்ளைகளின் பம்பஸ் ஒன்று குதிரைக் குளம்புக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். அதை விரித்து, அடியில் மருந்துப் பஞ்சை வைத்து, குளம்பைச் சுற்றி இறுக்கி ஒட்டுங்கள். வெள்ளி நிறத் தடித்த டேப்பைக் கீலம் கீலமாகக் கிழித்து முதலே சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டால் ஒரு கையால் எடுக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக அடியில் நாலு தட்டு, பிறகு சுற்றி ஒரு தட்டு. டேப் மயிர் விளிம்புக்கு மேலே தோலில் ஏறக்கூடாது, ஏறினால் இரத்த ஓட்டம் தடைப்படும். மேலே மோட்டார் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய துண்டு போட்டால் சகதியில் கரையாது. தினமும் மாற்றுங்கள்.

ஆணி ஏறினால்

இதில் நேரம்தான் எல்லாம். மிருக வைத்தியர் உடனே வரக்கூடுமானால் ஆணியைப் பிடுங்காமல், அது இன்னும் உள்ளே போகாதபடி சுற்றிலும் கட்டை வைத்துக் கட்டி, குதிரையை அசையாமல் நிறுத்துங்கள். ஆணி எந்தப் பக்கம் சரிந்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர் பார்க்கவேண்டும். வரச் சுணங்கும், ஊன்றினால் இன்னும் இறங்கும் என்றால் பிடுங்கியே ஆகவேண்டும். பிடுங்குமுன் படம் எடுங்கள். பிடுங்கிய துளையைப் பேனையால் வட்டம் போட்டு வையுங்கள், துளை உடனே மூடிக்கொள்ளும். ஆணியை எறியாமல் வையுங்கள், நீளம் தெரியவேண்டும்.

ஃபிரொக்கின் நடுப்பகுதியில் ஏறிய ஆணி மிகவும் ஆபத்தானது. அதற்கு நேர் மேலேதான் மூட்டும் தசைநாணும் இருக்கின்றன. குதிரை மறுநாள் நன்றாக நடந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஏற்புவலி (ரெற்றனஸ்) தடுப்பூசி கட்டாயம். வீட்டு மிருகங்களில் அந்த நோய்க்கு எளிதில் ஆளாவது குதிரை.

இரண்டு முன்னங்காலும் ஒன்றாக வலித்தால்

முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து குதியில் பாரம் போட்டு நிற்கிறதா? திரும்பச் சொன்னால் தயங்குகிறதா? இதைச் சீழ் என்று நினைத்துவிடாதீர்கள். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கிற எலும்பையும் இணைக்கிற இலை இலையான மடிப்புகள் வீங்கி விடுபடுகின்றன. முற்றினால் எலும்பு சரிந்து அடிப்பாதத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

நம் ஊரில் இதற்கு வழி திறக்கிறது அன்புதான். பொங்கல், கல்யாண வீடு, கோயில் அன்னதானம் என்று மிஞ்சிய சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாவுச்சத்து ஒரே நேரத்தில் நிறையப் போனால் பெருங்குடலில் புளித்து, அந்த நஞ்சு காலில் வந்து நிற்கிறது. உடல் பருத்த குதிரைக்கும், குட்டி போட்டு நஞ்சுக்கொடி விழாத குதிரைக்கும் இது வரும். மழை முடிந்து தை மாதம் தழைக்கிற பச்சைப் புல்லும் பருத்த குதிரைக்கு ஆகாது.

உடனே தீனியை நிறுத்திக் காய்ந்த புல் மட்டும் கொடுங்கள். நடக்கவிடாதீர்கள். நான்கு விரல் ஆழமாவது மணல் போட்டு நிறுத்துங்கள். வாளியில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கணுக்காலுக்கு மேலே வரை வையுங்கள். மீன் வாடியில் ஐஸ் கிடைக்கும், முதல் இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர வைப்பது மிகவும் உதவும். வலிமாத்திரை மிருக வைத்தியர் தருவது மட்டும். மனுசர் மாத்திரை வேண்டாம்.

தீனி

நல்ல குளம்பு தொட்டியிலிருந்தே தொடங்குகிறது. உடல் எடையில் 1.5 முதல் 2 வீதம் காய்ந்த புல் தினமும் வேண்டும். 250 கிலோ குதிரைக்கு 4 முதல் 5 கிலோ. தவிட்டை மட்டும் நம்பிக் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. தொடர்ந்து கொடுத்தால் எலும்பே மெலியும். கோழித்தீனும் மாட்டுத்தீனும் ஒருநாளும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் சேர்க்கிற மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். குளம்புக்கென்று பயோற்றின் கொடுப்பதானால் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அளவில், சிறிய குதிரைக்கு அதற்கேற்பக் குறைத்து, ஆறு மாதமாவது கொடுக்கவேண்டும். அது பழைய குளம்பைத் திருத்தாது, புதிதாக முளைப்பதற்குத்தான் உதவும்.

நெடுந்தீவில் கட்டாமல் திரிகிற குதிரைகளுக்கு யார் குளம்பு வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. முருகைக்கல் தரையில் நாள் முழுக்க நடப்பதே அவற்றுக்கு அரம். அங்கே நொண்டுகிற குதிரையைக் கண்டால் துரத்திப் பிடிக்காதீர்கள், தீவிலிருந்து கொண்டுவரவும் தடை இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நம் வளவில் கட்டுகிற குதிரைக்கு அந்த நடை இல்லை. அதனால்தான் அரம் நம் கையில் வந்திருக்கிறது.

திரும்ப வேலைக்கு எடுக்கும்போது

வலி போன அன்றே ஏறவேண்டாம். முதல் கிழமை கயிற்றில் பிடித்து மணல் தரையில் பத்து நிமிடம் நடத்துங்கள். பிறகு செம்மண் தோட்டப் பாதை. கிறவல் ஒழுங்கையும் தார் றோட்டும் கடைசியில். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நாடி பாருங்கள். துள்ளினால் ஒரு படி பின்னுக்கு.

எங்கள் குதிரையின் வெடிப்பு வைகாசியில், காண்டாவன வெயிலில், அரத்தின் கடைசி இழுப்போடு விழுந்தது. அரை விரல் அகலத்தில் ஒரு சில்லு, பழைய எண்ணெய் ஊறிக் கறுத்தது. அதற்கு மேலே மயிர் விளிம்பு வரை ஒரே நிறத்தில், கீறல் இல்லாத குளம்பு. படம் எடுத்துவிட்டு, ஆறு கிழமைக்குப் பிறகு வருகிற சனிக்கிழமையைக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன்.